ஹாசல்விஸின் ஐந்தாவது ஆசனம்

குலேந்திரன் என்பது அவர் பெயர். ஹாசல்விஸ் ஊரார் அதனை முழுமையாக உச்சரிக்க முயன்று, பாதியில் நாக்குத் தடுமாறி, கடைசியில் ‘குலே’ என்று சுருக்கிக்கொண்டனர். அவரும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. வயது அறுபத்தொன்று. காலை ஐந்து மணிக்கு எழுவார். இஞ்சி தட்டிப் போட்ட வெறுந்தேநீர் ஒரு கோப்பை அருந்துவார். வானொலியில் வானிலை அறிக்கையைக் கேட்பார். கேட்டதை நம்பாமல் சாளரத்தைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்ப்பார். எதையும் எண்ணும் பழக்கம் அவருக்கு உண்டு. படிக்கட்டில் ஏறினால் படிகளை எண்ணுவார். பேருந்தில் ஏறினால் ஆட்களை எண்ணுவார். தாம் பொரித்து வைக்கும் மோர்மிளகாயையும் அவர் எண்ணித்தான் எடுக்கிறார் என்று அவர் மனைவி தனலட்சுமி உறவினரிடம் சொல்லிச் சிரிப்பதுண்டு.

ஷாஃப்ஹவுசன் நகரிலிருந்து பேருந்தில் நாற்பது நிமிடம் மலைச்சரிவில் ஏறினால் வருவது ஹாசல்விஸ். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் வாழும் ஊர். கிழமையில் மூன்று நாட்கள் குலேந்திரன் நகர மருத்துவமனையின் சமையற்கூடத்தில் வேலை செய்தார். மற்ற நாட்களில் ஊர்மண்டபத்தைப் பராமரித்தார். அவ்வேலையைச் செய்பவரை அங்கே ‘அப்வார்ட்’ என்பர். மண்டபத்தின் எந்தச் சாளரம் மழைக்காலத்தில் ஊதிக்கொண்டு மூட மறுக்கும், எந்தக் குழாயைத் திறந்தால் எந்தச் சுவர் முனகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மருத்துவமனையில் அவர் பலருள் ஒருவர். மண்டபத்தில் அவர் ஒருவரே. அந்த வேலையை அவர் எவ்வளவு விரும்பினார் என்பதைத் தனலட்சுமி ஒருத்திதான் அறிவாள். விடுமுறைக்குப் பாசலில் இருக்கும் மகள் மதுஜா வீட்டுக்குப் போனால், மூன்றாம் நாளே மண்டபத்தின் வெந்நீர்க் கொதிகலனை நினைத்து மனிதர் நெளியத் தொடங்கிவிடுவார்.

ஆண்டுக்கு இருமுறை அந்த மண்டபத்தில் ஊர்க்கூட்டம் கூடும். வாக்குரிமை உள்ள எவரும் வந்து கையை உயர்த்தி ஊரின் காரியங்களைத் தீர்மானிக்கலாம். குலேந்திரன் குடியுரிமை பெற்ற இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து மூன்றாம் வரிசையின் ஓரத்தில் அமர்வார். கை உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்துவார். கடந்த பதினான்கு ஆண்டுகளாக வாய் திறந்து ஒரு சொல்லும் பேசியதில்லை. பேசாமைக்கு ஒரு காரணம் இருந்தது. அதனைப் பின்னர் சொல்வோம்.

கடந்த பெப்ரவரியில் ஊராட்சி அலுவலகத்தின் மேல்மாடியில் உறைபனியால் ஒரு குழாய் வெடித்தது. மண்டபமும் அலுவலகமும் ஒரே கட்டிடம். ஆகவே அதனை முதலிற் கண்டவர் குலேந்திரனே. மேல்மாடியில் ஊர்ச்சபையின் கூட்டறிக்கைப் புத்தகங்கள் இருந்தன. ஆயிரத்தெண்ணூற்று அறுபத்தொன்றில் முதற்சபை கூடிய நாள் தொட்டு, கணினி வரும்வரை எழுதப்பட்ட இருபத்தாறு தடித்த புத்தகங்கள். அவற்றுட் பதினொன்று நனைந்துபோயின.

மாநில ஆவணக் காப்பகத்திலிருந்து ஓர் இளம்பெண் வந்து பார்த்தாள். இன்ன முறையில் உலர்த்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். சூடு காட்டலாகாது, பக்கத்துக்குப் பக்கம் மையொற்றுத் தாள் செருகவேண்டும், காலையும் மாலையும் தாளை மாற்றவேண்டும், மின்விசிறியைத் தூரத்தில் வைத்து மெல்லச் சுழலவிடவேண்டும். இவ்வளவு பொறுமையான வேலையைச் செய்யக்கூடியவர் ஊரில் யார் என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை. மண்டபத்தில் ஆறு மேசைகளைக் கூட்டிப் போட்டுப் புத்தகங்களை விரித்து வைத்தார் குலேந்திரன். ஆறு கிழமைகள் அவற்றின் பக்கங்களைப் புரட்டினார். புரட்டுகிறவர் படிக்காமல் இருக்க முடியுமா?

பழைய புத்தகங்களின் கையெழுத்து அவருக்குப் புரியவில்லை. எல்லா எழுத்தும் வேலிக்குத்தி நட்டது போல் ஒரே சாய்வில் நின்றன. மாலையில் பால் கறவை முடிந்து, இறப்பர்ச் சப்பாத்தோடு அவ்வழியே வரும் ரெகுலா ஹூபர் அவற்றை வாசித்துச் சொன்னார். ரெகுலா ஊர்ச்சபைத் தலைவி, ஐம்பத்தைந்து வயது, இருபது பசுக்களுக்குச் சொந்தக்காரி. அவருடைய பாட்டி அந்தக் கையெழுத்தில்தான் கடிதம் எழுதுவாராம்.

முதற்சபைக்கு ஐவரைத் தேர்ந்திருந்தார்கள். ஐவரில் மூவர் தமக்கு வேண்டாம் என்று மன்றாடியிருக்கிறார்கள். ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள், மூன்றாமவருக்கு எழுதத் தெரியாது. மூவர் வேண்டுகோளையும் ஊர் தள்ளிவிட்டது. அந்நாளில் ஊர் தேர்ந்தவர் நான்காண்டுத் தவணை முழுவதும் இருந்தே ஆகவேண்டும். எழுதத் தெரியாதவர் அத்தவணைக்குள் எழுதக் கற்றுக்கொண்டார். அவருடைய முதற் கையொப்பம் அரைப் பக்கத்தை அடைத்துக்கொண்டிருந்தது. கூட்டம் நடந்த இடம் மதுச்சாலையின் பின்னறை. அது அங்கேயே நூற்றுப் பதினாறு ஆண்டுகள் நடந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தேழில் முதன்முதலாக ஒரு பெண் உறுப்பினரானார். சுருட்டுப் புகைக்குள் தம்மால் இருக்க முடியாது, பள்ளிக்கூட அறைக்கு மாறுவோம் என்றார். ஆண்கள் நால்வரும் அதனை மூன்று கூட்டங்களில் விவாதித்து, நான்காவது கூட்டத்தைப் பள்ளிக்கூடத்தில் நடத்தினார்கள். அங்கே குழந்தைகளின் சிறிய கதிரைகளில் முழங்கால் முகவாயைத் தொட உட்கார்ந்தார்கள் என்பதையும் எழுத்தர் விடாமற் குறித்திருந்தார்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தெட்டுக்குப் பின் தட்டச்சு வந்தது. அதன்பின் குலேந்திரனுக்கு யார் துணையும் தேவைப்படவில்லை. கையில் ஈரத்தாளும் பக்கத்தில் அகராதியுமாக நின்றபடியே வாசித்தார். அப்படி வாசித்தபோதுதான் தானரும் ஹூபரும் அவருக்கு அறிமுகமானார்கள்.

எர்ன்ஸ்ட் தானர் மேற்கரையில் நிலம் உடையவர். யாக்கோப் ஹூபர் கிழக்கரையில் நிலம் உடையவர், ரெகுலாவுக்குப் பாட்டனார். ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பத்தொன்றில், ஊருக்கு நீர்த்தொட்டி எந்தக் கரையில் கட்டுவது என்ற விவாதத்தில் இருவரும் முட்டிக்கொண்டார்கள். ஒருவர் மற்றவரைப் பார்த்து ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்பதை எழுத்தர் நாகரிகம் கருதி எழுதவில்லை. அன்றிலிருந்து இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். ஆனால் இருவரும் சபையில் இருந்தார்கள். ஒரே மேசையில், எதிரெதிரே, மாதம் இருமுறை, பதினொரு ஆண்டுகள். ஹூபர் ஏதேனும் சொல்ல விரும்பினால் எழுத்தரிடம் சொல்வார். “தானர் அவர்கள் இதனை எழுத்தர் வாயிலாக அறிந்துகொண்டார்” என்ற வாக்கியம் பக்கந்தோறும் வந்தது. தொட்டியும் கட்டி முடிந்தது. இருவருங் கையொப்பமிட்டிருந்தார்கள். அறுபத்திரண்டாம் ஆண்டு நவம்பர் மாதத்து அறிக்கையில், வரவுசெலவு விவாதத்துக்கும் பனி அகற்றும் ஏற்பாட்டுக்கும் இடையில் இரண்டே வரிகள்: ‘தானர் அவர்கள், சாளரத்தை மூடலாமா என்று ஹூபர் அவர்களை நேரடியாகக் கேட்டார். சாளரம் மூடப்பட்டது.’

குலேந்திரன் அந்தப் பக்கத்தை மையொற்றுத் தாளால் மூடாமல் நெடுநேரம் நின்றார்.

மறுநாள் ரெகுலாவிடம், இவர்களுள் ஒருவர் ஏன் விலகிப் போகவில்லை என்று கேட்டார். ரெகுலா சிரித்தார். ஊர் விட்டால்தானே என்றார். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் வந்தது. ஒவ்வொரு முறையும் ஊர் இருவரையும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் தேர்ந்தது. ஒருவர் மட்டும் இருந்தால் தண்ணீர் முழுவதும் அவர் கரைக்கே போய்விடும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

மார்ச் மாத முடிவில், கடைசிப் புத்தகங்களில் ஒன்றை உலர்த்துகையில் அவர் தம் பெயரையும் கண்டார். இரண்டாயிரத்து மூன்று, ஜூன் மாத ஊர்க்கூட்டம், குடியுரிமை விண்ணப்பம். விண்ணப்பித்தவர் வெளியே நிற்க, உள்ளே கை உயர்த்தினார்கள். ஆதரவு முப்பத்தெட்டு; எதிர்ப்புப் பத்தொன்பது. அன்று வெளியே, பூவரும்பிய லிண்டன் மரத்தடியில், தனலட்சுமியும் கைக்குழந்தையுமாக அவர் நின்ற நேரத்தை அவர் இன்றும் நிமிடக் கணக்கில் சொல்வார். கதவைத் திறந்தவர் கைகுலுக்கி வாழ்த்தினாரேயொழிய எண்ணிக்கையைச் சொல்லவில்லை. அந்தப் பத்தொன்பது பேர் யார் என்பது புத்தகத்தில் இல்லை. இருந்திருந்தால் படித்திருப்பாரோ என்னவோ; இல்லாதது நல்லதாயிற்று என்று எண்ணியவாறு புதுத்தாளைச் செருகினார். அவர்களிற் பாதிப்பேர் இப்போது உயிரோடில்லை. மீதிப் பேருடைய பிறந்தநாள் விருந்துகளுக்கு அவரே மண்டபத்தைத் திறந்து கொடுத்திருக்கிறார்.

ஊர்ச்சபையின் ஐந்தாவது ஆசனம் ஆறு ஆண்டுகளாக வெறுமையாகக் கிடந்தது. பழங்காலத்துக் கட்டாயம் இப்போது இல்லை. நிற்பதற்கும் ஆள் இல்லை. இளையவர்கள் நகரத்தில் வேலை செய்தார்கள்; முதியவர்கள் ஏற்கெனவே தம் முறை முடித்திருந்தார்கள். நால்வரில் இருவர் வைக்கோல் வேலையில் நின்றுவிட்டால் கூட்டம் நடத்தப் போதிய ஆளில்லை. மாநில அலுவலகத்திலிருந்து மரியாதையான ஒரு கடிதம் வந்தது. புத்தாண்டுக்குள் சபை நிறைவுபெறாவிடின், ஹாசல்விஸைக் கீழேயுள்ள பெரிய ஊரோடு இணைக்கும் பேச்சைத் தொடங்குவோம் என்பது அதன் சாரம்.

ஆகவே செப்டம்பரில் இடைத்தேர்தல் வைத்தார்கள். வேட்பாளர் எவரும் இல்லை. அந்த நாட்டுச் சிற்றூர்களில் அதனால் தேர்தல் நின்றுவிடாது. வெறும் வாக்குச்சீட்டு வீட்டுக்கு வரும். ஊரில் தகுதியுள்ள யார் பெயரையும் எழுதலாம். ஷாஃப்ஹவுசன் மாநிலத்திலோ வாக்களிக்காதவர் ஆறு பிராங்க் தண்டம் கட்டவேண்டும். எனவே ஊரார் சமையலறை மேசையில் பேனாவோடு உட்கார்ந்து, யார் பெயரை எழுதுவது என்று யோசித்தார்கள். யோசித்தவர்கள் கண்ணில் பட்டிருக்கக்கூடியது, குளிர்ப்பெட்டியின் கதவில் எல்லார் வீட்டிலும் ஒட்டியிருந்த மண்டப அறிவித்தல்: ‘தொடர்புக்கு: அப்வார்ட் குலேந்திரன்.’ எழுத்துப்பிழையின்றி அந்தப் பெயரை எழுத அந்தத் தாள் ஒன்றே வழி. 

வாக்கெண்ணி முடிந்த ஞாயிறு நண்பகல் ரெகுலா, குலேந்திரன் வீட்டு வாசலில் வந்து நின்றார். இம்முறை இறப்பர்ச் சப்பாத்து இல்லை. விழுந்த சீட்டுகள் நூற்று அறுபத்து மூன்று. அவற்றுள் தொண்ணூற்றொன்றில் குலேந்திரன் பெயர். அடுத்தபடி இருந்தவருக்குப் பதினான்கு. ஒருவர் தம் பசுவின் பெயரை எழுதியிருந்தார். அது செல்லாத வாக்கு.

குலேந்திரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். தாம் நிற்கவே இல்லையே என்றார். நிற்காதவர்களைத்தான் ஊர் நூற்று அறுபது ஆண்டுகளாகத் தேர்ந்து வருகிறது, அந்தப் புத்தகங்களை உலர்த்தியவருக்கு இது தெரியாததா என்றார் ரெகுலா. பிறகு குரலைத் தாழ்த்தி, தாம் மன்னிப்புக் கேட்கவேண்டிய ஒன்றும் உண்டு என்றார். ஊராட்சியிடம் சம்பளம் வாங்குகிறவர் ஊர்ச்சபையில் இருக்கலாகாது என்பது சட்டம். தொண்ணூற்றொரு பேரில் ஒருவருக்கும் அது நினைவு வரவில்லை. மண்டபத்தை அவர் தம் வீடுபோல் பார்த்துக்கொள்வதைக் கண்டு கண்டு, அது சம்பள வேலை என்பதே ஊருக்கு மறந்துபோயிற்று. ஆசனத்தை ஏற்றால் மண்டப வேலையை விடவேண்டும். வேலையை வைத்துக்கொண்டால் ஆசனத்தை மறுக்கவேண்டும். மறுக்க அவருக்கு முழு உரிமை உண்டு. யாரும் குறைகூற மாட்டார்கள். பத்து நாளைக்குள் பதில் சொன்னாற் போதும்; இடையில், அடுத்த வாரத்துத் திங்கட்கிழமை, சபைக் கூட்டமும் வரும்.

ரெகுலா போனபின் தனலட்சுமி கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

“கோயில் சபையிலை பட்டது போதாதோ?”

“நான் ஒண்டும் சொல்லேல்லையே.”

“சொல்லாட்டிலும் தெரியுது. தொண்ணூற்றொண்டு எண்டு அந்த மனிசி சொல்லேக்கை, உங்கடை உதடு அசைஞ்சது. திருப்பி எண்ணிப் பாத்தனீங்கள்.”

கோயிற் கதை இதுதான். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் குலேந்திரன் நகரத்துக்கு அண்மையிலிருந்த முருகன் கோயிலின் செயலாளர். தலைவர் சண்முகநாதன், வயதில் ஏழாண்டு மூத்தவர், இந்நாட்டுக்கு வந்த புதிதில் தம் அறையில் குலேந்திரனுக்கு இடங்கொடுத்தவர். இரு குடும்பங்களும் ஒரே சட்டியில் உண்டவை எனலாம். கோயில் ரயில் நிலையத்தருகே வாடகைக் கட்டிடத்தில் இருந்தது. பெரிய இடத்துக்கு மாறவேண்டும் என்பது சண்முகநாதன் கட்சி. வயதானவர்கள் நடந்து வரக்கூடிய இடமே போதும் என்பது மற்றக் கட்சி. பதினொரு பேர் வாக்களித்தார்கள். எண்ணிச் சொல்லவேண்டியது செயலாளர் கடமை. “ஆறுக்கு ஐந்து, இங்கேயே இருப்பது” என்று குலேந்திரன் எழுந்து வாசித்தார். சண்முகநாதன் கதிரையைத் தள்ளிவிட்டு வெளியேறினார். அவர் பின்னே நால்வர். இரண்டு மாதத்துக்குள், இரண்டு நிலையம் தள்ளி இன்னொரு முருகன் எழுந்தருளிவிட்டார்.

குலேந்திரன் மறுநாட் காலையே விலகற் கடிதம் எழுதினார். அன்றோடு எந்தச் சபையிலும் வாய் திறப்பதில்லை என்று தமக்குள் முடிவெடுத்துக்கொண்டார். ஊர்க்கூட்டத்தில் அவர் மௌனத்தைப் பணிவு என்று ஊரார் கருதினர். அது பணிவன்று, அச்சம். தாம் சபையில் ஒரு சொற் சொன்னால் யாரோ எழுந்து போய்விடுவார்கள் என்ற அச்சம். சண்முகநாதன் எழுந்துபோனதை அவர் இன்னும் மறக்கவில்லை; அன்று தாம் வாசித்ததில் ஏதோ பிழை இருந்தது என்ற ஐயமும் அவரை விடவில்லை.

அந்த வாரம் முழுவதும் மனிதர் இருப்புக் கொள்ளாமல் இருந்தார். மண்டபத்துக்குப் போனால், விட்டுப்போக முடியாது என்று தோன்றும். வீதிக்கு வந்தால், தபாற்காரர் முதல் பாற்காரி வரை கைகாட்டிப் புன்னகைப்பார்கள். ஒருவரும் ‘என்ன முடிவு’ என்று கேட்கவில்லை. கேட்காதது, கேட்பதைவிட அதிகமாக அவரை வருத்தியது. மதுஜா தொலைபேசியில், அப்பா ஏற்கவேண்டும் என்று ஒரு பாட்டம் சொன்னாள். தனலட்சுமி அவளை அடக்கினாள். வேலையை விட்டால் மருத்துவமனையில் மேலும் ஒரு நாள் தருவார்கள், வயிற்றுப்பாட்டுக்குக் குறைவில்லை. அது கேள்வியே அல்ல. தாம் ஒரு சபையில் இருக்கத் தக்கவர்தாமா என்பதே அவருடைய கேள்வி. அதற்கு விடை சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒருவரே இருந்தார்.

சனிக்கிழமை பிற்பகல், தனலட்சுமி முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருக்க, குலேந்திரன் கைபேசியை எடுத்துக்கொண்டு மேல்வாசற் படியில் போய் அமர்ந்தார். சண்முகநாதனின் இலக்கம் அழிக்கப்படாமலே இருந்தது.

“ஆர் கதைக்கிறது?”

“நான் குலேந்திரன்.”

பின்னணியில் ஓடிய தொலைக்காட்சியின் ஒலி குறைந்தது.

“எந்தக் குலேந்திரன்? ஆறுக்கு அஞ்சு குலேந்திரனோ?”

“ஓம் அண்ணை. அவன்தான்.”

“பதினாலு வருசமாய் எண்ணி முடிக்கேல்லையோ நீர்?”

குலேந்திரனுக்குச் சிரிப்பதா, வைத்துவிடுவதா என்று தெரியவில்லை. இருந்தும், நினைத்து வந்த கேள்வியை அப்படியே கேட்டார்.

“அண்ணை, ஒண்டு கேக்கவேணும். அண்டைக்கு நான் செய்தது பிழையோ?”

“என்னத்தை?”

“எழும்பி நிண்டு வாசிச்சதை.”

“எண்ணினது சரி. நானும் மேசைக்குக் கீழை விரல் மடிச்சு எண்ணினனான். ஆறுக்கு அஞ்சுதான். வாசிக்கிறது உம்மடை வேலை, வாசிச்சீர். அதிலை என்ன பிழை?”

“அப்ப ஏன் அண்ணை எழும்பிப் போனனீங்கள்?”

“கோவம். வேறென்ன? கோவத்திலை எழும்பிப் போறவன் வீட்டை போய்ச் சோறு திண்டிட்டுத் திரும்பி வருவான் எல்லோ. வந்தனான் ஐசே. அடுத்த வெள்ளிக்கிழமை வந்தனான், உம்மோடை நல்லாச் சண்டை பிடிக்கவேணும் எண்டு. வந்து பாத்தா நீர் கடிதம் எழுதி வைச்சிட்டுப் போட்டீர். உம்மடை கதிரையிலை ஆரோ ஒரு பொடியன் இருக்கிறான். என்னைப் பாத்து ‘நீங்கள் ஆர்’ எண்டு கேக்கிறான். அவனோடை நான் என்னெண்டு சண்டை பிடிக்கிறது?”

குலேந்திரன் கைபேசியை மறு காதுக்கு மாற்றினார்.

“நீர் இருந்திருந்தா ரெண்டு மாசம் கத்தியிருப்பன். பேந்து அலுத்துப் போய் இருந்திருப்பன். இப்ப பாரும், ரெண்டு கோயில், ரெண்டு வாடகை, ரெண்டு ஐயர். ஒரு ஐயர் வருத்தமாய் விழுந்தா மற்ற மனிசன்தான் ரெண்டு இடமும் ஓடி ஓடிப் பூசை செய்யிறார். இப்ப என்னத்துக்கு இதைக் கேக்கிறீர்?”

குலேந்திரன் தேர்தற் கதையைச் சொன்னார். பசுவின் பெயரைக் கேட்டு மறுமுனையில் சண்முகநாதன் இருமி இருமிச் சிரித்தார். தானர், ஹூபர் கதையையும் சொன்னார். பதினொரு ஆண்டுகள் பேசாமல் எதிரெதிரே இருந்ததையும், சாளரத்தை மூடியதையும் சொன்னார்.

“பேந்து ரெண்டு பேரும் ஒற்றுமையோ?”

“அது புத்தகத்திலை இல்லை அண்ணை. ஆனா ஒருத்தரும் எழும்பிப் போகேல்லை.”

“ம். போறதுக்கு அவைக்கு ரெண்டாவது ஊர் இல்லை. எங்களுக்கு ரெண்டாவது முருகன் இருந்தார்.” பிறகு, வேறு ஏதோ கடைச்சாமான் வாங்கச் சொல்வது போன்ற குரலில், “வாற மாதம் கந்தசட்டி. எந்தக் கோயிலுக்கு எண்டாலும் வாரும். தனலட்சுமியைக் கேட்டதாய்ச் சொல்லும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

குலேந்திரன் படியிலேயே இருந்தார். மலைச்சரிவில் யாரோ இரண்டாம் வெட்டுப் புல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். தாம் எண்ணியது பிழையன்று என்று கேட்டதில் வந்த நிம்மதி பெரிதுதான். ஆனால் அதனினும் பெரிதாக, பதினான்கு ஆண்டுகளாகத் தாம் தவறான இடத்தில் பிழையைத் தேடிக்கொண்டிருந்தது இப்போதுதான் விளங்கிற்று. எழுந்து வாசித்தது பிழையன்று; மறுநாள் இல்லாமற் போனதே பிழை. அதனை நினைக்க வெட்கமாக இருந்தது. வியப்பாக, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. உள்ளேயிருந்து தனலட்சுமி, யாரோடு அவ்வளவு நேரம் கதை என்று கேட்டாள். சண்முகநாதன் அண்ணையோடு என்றார். நறுக்குங் கத்தி நின்றது. சிறிது நேரங்கழித்து, குழம்புக்கு உப்புப் பார்க்க வரும்படி மட்டும் அவள் அழைத்தாள்.

அன்றிரவு உணவின்போது அவர் எல்லாவற்றையும் சொன்னார். தனலட்சுமி கேட்டுவிட்டு, மண்டபத்தை விட்டால் நீங்கள் வீட்டில் என்னைப் படுத்தும் பாட்டை யார் தாங்குவது என்றாள். பின், சபைக்குப் போகிறதென்றால் நீலச் சட்டையைத்தான் போடவேண்டும், சாம்பல்நிறச் சட்டை சமையற்கூடத்து மனிதர் போல் காட்டுகிறது என்றாள். சமையற்கூடத்து மனிதர்தானே என்றார் அவர். இருவரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை மாலை ஊராட்சி அலுவலகத்தில் நால்வர் கூடியிருந்தார்கள். ரெகுலா, பழத்தோட்டக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற தபால் அலுவலர், தச்சர் ஒருவர். குலேந்திரன் உள்ளே வந்தபோது தச்சரும் தபால் அலுவலரும் சுடலை மதிலைக் கல்லால் கட்டுவதா, மரவேலி போடுவதா என்று உரக்கத் தர்க்கித்துக்கொண்டிருந்தார்கள். மரவேலி போட்டால் தச்சருக்கு வேலை கிடைக்கும் என்று தபால் அலுவலர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். தச்சர் முகம் சிவந்து, கதிரையைப் பின்னே தள்ளினார். அந்த ஓசை குலேந்திரனுக்குப் பழக்கமான ஓசை. ஆயினும் அவர் கதவருகே நின்றாரேயொழிய அப்பால் நகரவில்லை. தச்சர் எழுந்து, மேசையைச் சுற்றிப் போய், தண்ணீர்ச் சாடியிலிருந்து ஒரு குவளை ஊற்றிக் குடித்துவிட்டு, மீண்டும் தம் இடத்துக்கு வந்து அமர்ந்து, கல் எத்தனை ஆண்டில் வெடிக்கும் என்று விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

ரெகுலா கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார். பின் குலேந்திரனைப் பார்த்து, அவசரம் இல்லை, இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றார்.

இரண்டு நாள் வேண்டாம் என்றார் குலேந்திரன். வீட்டிலே ஜெர்மன் மொழியில் எழுதி ஒத்திகை பார்த்துவந்த நீண்ட வாக்கியம் ஒன்று அவரிடம் இருந்தது. அது இப்போது தேவையற்றதாகப் பட்டது.

“மண்டப வேலையை மாத முடிவோடு விட்டுவிடுகிறேன்” என்றார். “இந்த ஆசனத்தை ஏற்றுக்கொள்கிறேன். தவணை முடியும்வரை இருப்பேன்.”